ஞாயிற்றுக்கிழமை முதுகுவலி

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

என் முதுகுவலி மாத்திரை இந்த மாதம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. எதையும் அளவோடு செய்கிறவன், எப்படிக் கூடுதலாக விழுங்கினேனோ தெரியவில்லை. மறுபடி வாங்கப் போனபோது, நான் வேலை செய்யும் கிடங்குக்குப் பக்கத்து மருந்துக்கடைப் பெண், "எப்ப தாத்தா வலி ஜாஸ்தி?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை."

"அன்னிக்குக் கிடங்குல வேலை அதிகமா?"

"இல்லம்மா, லீவு. ரூம்ல தனியா சும்மா படுத்திருப்பேன்."

"அப்ப வலிக்கிறது முதுகு இல்ல தாத்தா. இந்த மாத்திரை பழகிட்டா ஆளை விடாது. டாக்டரைப் பாருங்க, அப்புறம் தரேன்."

நாளை மருத்துவரிடம் போகிறேன், கவலைப்படாதே.

வலிக்குக் கட்டும் இடுப்புப் பட்டையை வீட்டிலேயே விட்டுவந்தேன், அதை அனுப்பு. ஞாயிறு மதியம் போன் செய். பேச ஒன்றுமில்லாவிட்டால் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவு. அந்தச் சத்தம் கேட்டால் மாத்திரையைத் தேடமாட்டேன் என்று நினைக்கிறேன்.

கிடங்கில் கூப்பிடுகிறார்கள்.

உன் வீட்டுக்காரன்