கை நனைக்காதவர்கள்

மொம்பாசா, கென்யா

அன்புள்ள அம்மாவுக்கு,

தமிழ்ச்செல்வி எழுதுகிறேன். முழங்கால் வீக்கம் வடிந்ததா? தம்பி அருள்பாண்டி உன்னைக் காளவாசல் டாக்டரிடம் கூட்டிப்போனானா? நான் நலம்.

போன வாரம் இங்கே ஒரு கடலோரக் கிராமத்தில் அணுமின் நிலையம் பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மக்கள் பேசுவதைத் தொகுத்து அரசுக்கு எழுதித் தருவது என் வேலை. மதியம் எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள். மீனவப் பெண்கள் தொடவில்லை. யாரோ தூண்டிவிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களில் ஹலீமா என்பவள் எழுந்து, "சாப்பிட்டா சம்மதம்னு எழுதிருவீங்க. மொதல்ல இந்த நிலையத்தைப் பத்தின அறிக்கையை எங்க மொழியில குடுங்க, படிச்சுட்டுச் சொல்றோம்" என்றாள். நம் பக்கம் சம்பந்தம் பேசப் போனால் முடிவாகும்வரை கை நனைக்க மாட்டோமே, அதே பிடிவாதம். அவள்மேல் மரியாதை வந்துவிட்டது. அப்படி ஒரு அறிக்கை கையில் இல்லாததால் அதிகாரிகள் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்.

கிளம்பும்போது ஹலீமா தன் மீன்சோற்றில் எனக்கும் போட்டாள். "சாப்பிடுங்கக்கா. ஆனா நாங்க சொன்னதைக் குறைக்காம எழுதணும்."

சாப்பிட்டேன். குறைக்காமல் எழுதியும் கொடுத்துவிட்டேன். மேலதிகாரிக்கு வருத்தம்தான், வேலைக்கு ஆபத்தில்லை.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் சுண்டவத்தல் கொடுத்துவிடு. ஹலீமாவுக்கும் சேர்த்துக் கொடு; இந்த ஊரில் என்னைச் சாப்பிடச் சொன்ன முதல் ஆள் அவள்.

வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் மகள்,
தமிழ்ச்செல்வி