கொடிக்கு மேலே மூன்று மரங்கள்

ஓமே, பிப்ரவரி 14

அன்புள்ள ஃபுசாயேவுக்கு,

நீ குஷிரோவுக்குக் கிளம்பியதுதான் தாமதம், இங்கே உனக்கு ஒத்துக்கொள்ளாத சுகி மரங்கள் பூத்துவிட்டன. காற்றடித்தால் மலையே புகைகிறது. காரின் மேலெல்லாம் மஞ்சள் மகரந்தப் பொடி.

தங்கை வீட்டில் மூச்சு சீராக வருகிறதா? மூக்கில் அடிக்கும் மருந்தை மறுபடி தொட்டுவிடாதே. அடிக்க அடிக்க அடைப்பு கூடும் என்று டாக்டர் திட்டியது நினைவிருக்கட்டும். காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவு. படுக்கும் முன் வெந்நீரில் பிழிந்த துண்டை மூக்கின் மேல் போட்டுக்கொள். இங்கே இருந்தால் நான் பிழிந்து தருவேன். உன் கைதான் சூடு தாங்காதே.

மே மாதம் வந்துவிடுவாய் அல்லவா? போன வருடம் ஜூனுக்கு இழுத்துவிட்டாய்.

உன்,
மிட்சுகு

குஷிரோ, பிப்ரவரி 25

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே சுகி மரமே கிடையாது, பனிதான். வாயை மூடிக்கொண்டு தூங்குகிறேன். முள்ளங்கி ஊறுகாயின் வாசனைகூடத் தெரிகிறது.

"அக்கா, பேசாம இங்கயே இருந்துடு. மூக்கை உறிஞ்சிக்கிட்டு அந்த மலையடியில ஏன் கெடக்கணும்?" என்கிறாள் தங்கை. மீன் கடையில் எனக்கு வேலைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. மறைக்க மனமில்லாமல்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஃபுசாயே

ஓமே, மார்ச் 4

அன்புள்ள ஃபுசாயேவுக்கு,

கோபமில்லை, பயமாக இருக்கிறது. மலையை வெட்ட என்னால் ஆகாது. துணிக்கொடிக்கு மேலே அப்பா நட்ட மூன்று மரங்களையாவது வெட்டுகிறேன். கொடியில் காயும் உன் மெத்தையில் பொடி கொட்டுவது அவைதானே.

பக்கத்து வீட்டுக் குரோயிவா வேலியில் நின்று கிண்டல் செய்கிறார். "ஏம்ப்பா, ஒழுங்கா மீன் அரியவே வராது ஒனக்கு. மரம் வெட்டத் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு." ஆளைக் கேட்டால் ஏப்ரல் கடைசி என்கிறான். அதற்குள் நீ மீன் கடைக்குத் தலையாட்டிவிடுவாய். இரண்டு விழுந்தாயிற்று. மூன்றாவது கொஞ்சம் கோணல். ஞாயிற்றுக்கிழமை அதையும் முடித்துவிடுவேன்.

மிட்சுகு

ஓமே, மார்ச் 20

உங்களுக்கு,

உங்கள் படத்தின் முன் வைக்க எழுதுகிறேன். 'மூன்றாவதைத் தொடாதீர்கள், மே மாதம் வருகிறேன்' என்று நான் எழுதிய கடிதம் வாசல் பெட்டியில் பிரிக்காமல் கிடந்தது. அது வந்து சேருமுன் மரம் உங்கள் மேல் விழுந்துவிட்டது.

இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் என் வீங்கிய கண்ணையும் சிவந்த மூக்கையும் பார்த்து, "பாவம், அவங்களுக்குச் சுகி ஒத்துக்காது" என்றார்கள். குரோயிவா ஒரு பெட்டி மாஸ்க் கொடுத்தார். நான் அழுதேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊதுபத்தி ஏற்றினேன், வாசனை வரவில்லை.

இன்று சாயங்காலம் துண்டை நானே வெந்நீரில் பிழிந்தேன். கை சுட்டுவிட்டது. சற்று நேரத்தில் மூக்கு திறந்தது. முதலில் வந்தது பின்கட்டில் கிடக்கும் வெட்டுமரத்தின் வாசனை. நல்ல வாசனை. இந்த வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தெரியாது.

தங்கையிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொடிக்கு மேலே இப்போது வெறும் வானம். காலையில் மெத்தையைக் காயப்போட்டேன். எடுக்கும்போது தட்டினால் மஞ்சள் பொடி பறந்தது, எல்லாம் மலையிலிருந்து வந்தது. அதில்தான் படுக்கப்போகிறேன்.

உங்கள்,
ஃபுசாயே