பதினைந்து லிட்டரும் பதினைந்து கிலோவும்

மௌலிக்கின் அப்பாவுக்கு,

அம்மா வீட்டுக்குப் போகிறேன், வெறுங்கையோடு. பையைச் சோதிக்க நீங்கள் வீட்டில் இல்லாதது வருத்தம்தான். தெப்லா ரொட்டி சூடாக மூடி வைத்திருக்கிறேன். தயிர் ஃபிரிட்ஜில்.

"தீபாவளி வரைக்கும் வர்ற கடலை எண்ணெய் நவராத்திரியிலயே தீந்துபோச்சே, உங்கம்மா வீட்டுக்கு நடந்து போயிருச்சா?" என்று நேற்று உங்கள் அக்கா மிருதுலாபென் எதிரில் கேட்டீர்கள். அவர் சிரித்தார்.

இன்று காலி டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 15 லிட்டர் என்று போட்டிருக்கிறது. இப்போது கோதுமை வைத்திருக்கும் போன வருடத்து எண்ணெய் டப்பாவில் 15 கிலோ என்று இருக்கிறது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் 910 கிராம்தான். அப்படியென்றால் இந்த வருடம் நீங்கள் தூக்கி வந்தது பதிமூன்றே முக்கால் கிலோகூட இல்லை. மாதம் ஒன்றேகால் கிலோ வீதம் வருடம் முழுக்க வர வேண்டியதில், ஒரு மாத எண்ணெய் கடையிலேயே நின்றுவிட்டது. எங்கேயும் நடந்து போகவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அடர்த்திப் பாடம் நடத்துகிறவருக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

அக்கா நான்கு மணிக்கு வருவார். டப்பாவை அவரிடம் காட்டி, நீங்களே சொல்லுங்கள்.

ஜாக்ருதி

பி.கு.: அக்காவுக்கு டீ நீங்களே போடுங்கள். சர்க்கரை இரண்டு ஸ்பூன். இரண்டு லிட்டர் அல்ல.

இன்னொன்று: நான் ஏழு மணிக்கு வருவேன். அதுவரை அக்காவை அனுப்பிவிடாதீர்கள். "அப்பவே சொல்லிட்டேனே" என்றால் நம்ப மாட்டேன். பழி சொன்னது என் எதிரில். தப்பு என்று சொல்வதையும் நான் காதால் கேட்க வேண்டும்.