அண்ணன் மூச்சில் இருந்த வாடை

ஜூலை 4

ஐந்தாம் படிவ மாணவர்களுக்குக் கார்பன் சேர்மங்கள் பாடம் தொடங்கினேன். சீனி, சாராயம், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் மூன்றையும் பலகையில் எழுதி, என்னென்ன தனிமங்கள் என்று கேட்டேன். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். மூன்றிலும் அதே மூன்றுதான்.

“அப்போ ஏன் டீச்சர் வாடை வேற வேற?” என்றாள் நவமணி. நல்ல கேள்வி. அணுக்கள் கோத்துக்கொள்ளும் விதம் மாறினால் எல்லாமே மாறிவிடும் என்றேன்.

சனிக்கிழமை மெர்கோங்கில் எங்கள் புது வீட்டுக்குக் குடிபோகிறோம். பீடோங்கிலிருந்து அண்ணன் வருகிறார். குடியை விட்டு இரண்டு வருடமாகிறது என்கிறார் அண்ணி. பார்ப்போம்.

ஜூலை 6

அண்ணன் தள்ளாடிக்கொண்டு வந்தார். கண்கள் சொருகியிருந்தன. பேசினாலே குப்பென்று வாடை. தண்ணீர் போத்தல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காலி செய்தார், பிறகு வாந்தி. மாமியார், கணவரின் நண்பர்கள் – எல்லோர் எதிரிலும்.

“இன்னிக்குமா அண்ணே? என் மானத்த வாங்கவா வந்தீங்க?”

“குடிக்கலம்மா. உடம்பு ஒரு மாதிரியா இருக்கு.”

“பொய் சொல்லாதீங்க லா. இங்க வரைக்கும் நாறுது. போயிடுங்க.”

போய்விட்டார். அண்ணிக்குக் கூலிம் தொழிற்சாலையில் ஷிஃப்ட். வந்திருந்தால், இதுதான் குடியை விட்ட லட்சணமா என்று அவரையும் கேட்டிருப்பேன்.

நான் செய்தது சரிதான்.

ஜூலை 7

சரியில்லை.

அண்ணன் பஸ் நிறுத்தத்தில் விழுந்து கிடந்திருக்கிறார். அங்கே நாசி லெமாக் சோறு விற்கும் மாக்சிக், அந்த மலாய்க்கார அம்மாதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணி போன் செய்துதான் எனக்குத் தெரியும்.

சர்க்கரை நோய். இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. உடம்பு சீனியைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பைக் கரைத்ததில் மூச்சில் அசிட்டோன். “குடிச்ச மாதிரியே தெரியும். நிறைய பேர் ஏமாந்துடுவாங்க,” என்றார் டாக்டர், ஆறுதலாக.

நிறைய பேர் சரி – நான்? வியாழக்கிழமை பலகையில் எழுதியது என் கைதானே? அது சாராய வாடையே இல்லை. நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தால் வருமே, அந்த இனிப்பு வாடை. மூக்குக்குத் தெரிந்துதான் இருந்தது. நான்தான் பழைய அண்ணனை நினைத்துக்கொண்டு... இவ டீச்சராம். தூ.

ஜூலை 8

பள்ளிக்குப் போகவில்லை. அந்தப் பலகை முன்னால் எப்படி நிற்பது?

ஜூலை 10

அண்ணன் கண் விழித்துவிட்டார். அண்ணி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “ஒங்க வீட்டுக்கு வரணும்னு புதுச் சட்டை எடுத்தாரு.”

மன்னிச்சிடுங்க அண்ணே என்றேன். அழக்கூட வரவில்லை.

“விடும்மா. குடிச்ச காலத்துல எத்தன தடவ உங்கிட்ட குடிக்கலன்னு சொல்லியிருப்பேன்!”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூலை 13

அன்று வந்திருந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். “அண்ணன் குடிக்கல. அவருக்கு உடம்பு முடியல. நான்தான் தப்பா பேசிட்டேன்.” சிலர் பேச்சை மாற்றினார்கள். மாமியாரிடம் நேரில் சொன்னேன். “அத யாரு நினைச்சா?” என்றார். எல்லோரும் நினைத்தார்கள். நினைக்க வைத்தது நான்.

ஆகஸ்ட் 17

அண்ணனும் அண்ணியும் மதியம் சாப்பிட வந்தார்கள். இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார். மெலிந்திருக்கிறார். மாமியார் எழுந்துபோய் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அண்ணி என்னிடம் ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்டார், அவ்வளவுதான். அண்ணன் ஆஸ்பத்திரிக் கதைகள் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார்.