நெடுந்தீவுக்குப் போன மொட்டைத் தலை

ஜூலை 3, 1957. புதன்

காலையிலிருந்து மூடுபனி. பெருமாள்மலை பஸ் நிறுத்தமே தெரியவில்லை, ஹாரன் மட்டும். அம்மாவின் பழக்கடை முழுக்க ஈரச் சாக்கு நாற்றம். பிளம்ஸ் கடைசிக் கூடை. பேரிக்காய் இன்னும் கல்.

இலங்கை, நெடுந்தீவிலிருந்து சி.யின் கடிதம். பதினோரு வரி. சென்னையில் இரண்டு வருடம் ஒரே வகுப்பு, ஒரே நூலக மேஜை. அப்போதும் சிவகாமி இவ்வளவுதான் பேசுவாள். அவளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு குமாஸ்தாவை மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம். ஆனி முடிவதற்குள் அவள் அப்பா பதில் சொல்லியாக வேண்டும். "நீங்கள் நேரில் வந்து கேட்டால் மறுக்கமாட்டார். கடிதத்தில் கேட்டால் மறுப்பார். வாருங்கள்."

கடைசிச் சொல்லை நான்கு முறை படித்தேன். மகிழ்ச்சி வரவில்லை. பொய் எழுதக்கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

பாஸ்போர்ட், விசா கையில் (பிப்ரவரியில், வீரமாக இருந்த ஒரு வாரத்தில் எடுத்தது). 9ஆம் தேதி விமானம், திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி. முக்கால் மணி நேரம். பிறகு பஸ். பிறகு படகு.

பள்ளியில் லீவு கேட்டேன். தலைமையாசிரியர்: "என்ன விசேஷம்?" சொந்த வேலை என்றேன். வேறு யாருடைய வேலையோ போல ஒலித்தது.

ஜூலை 4

மழை இல்லை, காற்று. அம்மாவிடம் சொல்லியாயிற்று.

கத்துவாள், அழுவாள் என்று நேற்றிலிருந்து வாதங்கள் தயாரித்திருந்தேன். கூடையிலிருந்து அழுகலைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில்:

"அவுக வீட்டுல நம்மாளுகதானா?"

"சைவம். வாத்தியார் குடும்பம்."

"கடலுக்கு அந்தாண்ட போயா பொண்ணு தேடணும்? சரி, போ. நான் என்னத்தச் சொல்ல. ஆனா மொதல்ல பழனி."

பன்னிரண்டு வயதில் எனக்கு டைபாய்டு. பிழைத்தால் பழனியில் மொட்டை என்று அம்மாவின் வேண்டுதல். ஹைஸ்கூல், காலேஜ், எம்.ஏ. என்று தள்ளிக்கொண்டே வந்தது.

"ஏலே, வானத்துல பறக்கப் போற. அவனுக்குச் செய்ய வேண்டியதச் செய்யாம பறந்தா, எனக்கு இங்க தூக்கம் வருமா?"

எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன்.

"ஒன் நம்பிக்கைய யாரு கேட்டா? தலையத்தான கேக்குறேன்."

அப்பா இருந்தபோது இப்படிப் பேசமாட்டாள். ஒன்பது வருடத்தில் கடை அவளுக்கு வாயைக் கொடுத்திருக்கிறது.

சி.க்கு உடனே பதில்: 10ஆம் தேதி வருகிறேன். அம்மா பழனிக்கு இழுத்துப் போகிறாள், மொட்டையோடு வருவேன், சிரிக்காதே. தபாலில் சேர்த்தேன்.

ஜூலை 5

பக்கத்துக் கடைத் தையற்காரர் ராயப்பன் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"போட்டோவுல இவ்ளோ சுருட்ட முடி. நேர்ல மொட்ட. வேற ஆளுன்னு சொல்லி ஏரோப்ளேன்ல ஏத்தமாட்டான் தம்பி, பாத்துக்கிடுங்க."

"அப்படியா?"

"பின்ன? சர்க்கார் காயிதம். வெளயாட்டா?"

அம்மா உள்ளேயிருந்து: "ராயப்பா, வாயக் கழுவு."

சிரித்தேன். மனம் அரைவாசி லேசாகியிருந்தது. ஏன் என்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்; எனக்கு இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு. பழனி

வெள்ளனே பஸ். வத்தலக்குண்டில் இட்லி, வெயில், ஸ்வெட்டரைக் கழற்றியது. பழனி வரும்போது அம்மா கால் வீங்கிவிட்டது. சொல்லவில்லை. நானும் பார்க்காத மாதிரி.

அடிவாரத்தில் முடியெடுக்கும் கொட்டகை. வரிசையாகத் தலைகள்.

"தண்ணியத் தொட்டு நல்லாத் தேய்ங்க சாமி. என்ன படிச்சிருக்கீக?"

"எம்.ஏ."

"அப்பிடியா. மண்டையில ஒண்ணும் தெரியலயே. எல்லார் மாதிரியுந்தான் இருக்கு."

அம்மா சத்தமாகச் சிரித்தாள். இந்த வருடத்தில் முதல் முறை.

சந்தனம் குளிர்ச்சி. படியேறும்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மேலே, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று தெரியாது. விமான நிலைய அதிகாரி என்னைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நான் கேட்டேன். நம்பிக்கையில்லாதவனின் முதல் பிரார்த்தனை.

இதோ எழுதியாயிற்று. அம்மாவுக்காகத் தலையைக் கொடுத்தேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. போகாமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. என்னுடையதாக இல்லாத காரணம்.

ஜூலை 9. திருச்சி, பிறகு பலாலி

விமான நிலையம் ஒரு பெரிய கொட்டகை. பெட்டியை எடை போட்டார்கள், என்னையும் எடை போட்டார்கள். சேலைப் பொட்டலங்களோடு ஒரு வியாபாரி எடைக்கருவியில் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படம். இப்போது சொல்லப் போகிறார்.

"பழனியா சார்?"

"ஆமாம்."

"காது பின்னாடி சந்தனம் இருக்கு, தொடச்சுக்கிடுங்க. நமக்கும் தைப்பூசத்துக்கு எடுத்தது. போங்க, போங்க."

முத்திரை. அவ்வளவுதான். தமிழ்நாட்டில் மொட்டைத் தலைக்காக யாரைத் திருப்பி அனுப்புவார்கள்? ராயப்பனுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாதா?

வால் தரையில், மூக்கு வானத்தில் நிற்கிற விமானம். இருக்கைக்குப் போவதே ஏற்றம், மலைக்காரனுக்குச் சிரமமில்லை. காதுக்குப் பஞ்சு, வாய்க்குப் பெப்பர்மிண்ட். கீழே கடல், வெளிறின பச்சை. வியாபாரி கந்த சஷ்டி சொல்லிக்கொண்டே வந்தார். நான் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன்: 'உங்கள் மகளை...' அதற்கு மேல் வாக்கியம் போகவில்லை. போவதற்குள் இறங்கிவிட்டது.

ஜூலை 10. நெடுந்தீவு

படகில் வாந்தி. தீவு தட்டை, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒளிய ஒரு மேடு கிடையாது. கல்வேலிகள். பனை. மட்டக் குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல்.

சி.யின் அப்பா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வாசலுக்கே வந்தார். தலையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது; சாவு வீட்டு மொட்டை என்று நினைத்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஆர் மோசம் போனது? அம்மாவோ, அப்பாவோ?"

பழனி என்று சொல்ல ஒரு வினாடி போதும். அப்பா என்றுகூடச் சொல்லியிருக்கலாம், ஒன்பது வருடப் பழைய உண்மை.

"அம்மா" என்றேன்.

"ஐயோ. முப்பத்தொண்டாம் நாள் காரியம் கழிஞ்சுதோ?"

"இல்லை."

"துடக்கோட இவ்வளவு தூரம்... இருங்கோ, இருங்கோ." நாற்காலியை முற்றத்தில், வேப்ப மரத்தடியில் போட்டார். வீட்டுக்குள் கூப்பிடவில்லை; சாவுத் தீட்டுக்காரனை முற்றத்தில் உட்கார வைப்பதுதான் மரியாதை. "என்னவோ கதைக்க வாறதா பிள்ளை சொன்னவள். இந்த நேரத்தில நல்ல காரியம் ஒண்டும் கதைக்கக் கூடாது தம்பி. ஒரு வருஷம் போகட்டும். ஆறுதலா வாங்கோ."

ஒரு வருஷம். ஆனி முடிய ஆறு நாள்.

யாரோ வேலிக்கு வெளியிலிருந்து கூப்பிட, எழுந்து போனார். சி. தேநீர் கொண்டுவந்தாள். தரையில் வைத்தாள்.

"உங்கட கடிதம் திங்கட்கிழமை கிடைச்சது."

டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"அம்மாவுக்கு என்ன வருத்தம் வந்தது?"

"காய்ச்சல்."

"பாவம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசியிருப்பேன்.

உள்ளே போய் ஓலைப்பெட்டி ஒன்றோடு வந்தாள். பனங்கட்டி, நம்மூர்க் கருப்பட்டி. "மாமிக்கெண்டு எடுத்து வைச்சது. இனி ஆருக்கு. நீங்கள் சாப்பிடுங்கோ."

அவள் என் அம்மாவை மாமி என்று சொன்னது இதுதான் முதல் முறை.

ஜூலை 11

திரும்பும் விமானம் நாளைதான். பலாலிக்குப் பக்கத்தில் ஒரு சத்திரம். வெயில். எழுத ஒன்றும் இல்லை. செய்யாமல் விட்டது: திரும்பி ஓடிப்போய் அவள் அப்பாவிடம் உண்மையைச் சொல்வது. படகு கிளம்பும்வரை நேரம் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல்.

ஜூலை 14, ஞாயிறு. பெருமாள்மலை

சாரல். பேரிக்காய் முதல் கூடை வந்திருக்கிறது. ராயப்பன்: "ஏத்திட்டானா? பரவாயில்லயே!"

சோறு, ரசம், அப்பளம். அம்மா எதிரில் உட்கார்ந்து என் தலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"முடி நல்லா வருதுலே. முன்னவிட அடர்த்தியா."

பெட்டியைத் துழாவி ஓலைப்பெட்டியை அவளே எடுத்துவிட்டாள். ஒரு பனங்கட்டியைக் கடித்தாள். கண் சுருங்கியது, பிடித்திருக்கிறது.

"எனக்கா குடுத்துவிட்டாக?"

"ஆமா."

"என்னயப் பத்திக் கேட்டாகளா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன்.