அசைந்த படம்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பிள்ளை நலம். நான்தான் நிலைகொள்ளாமல் அலைகிறேன். உட்கார முடியவில்லை, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவதும் இவன் அழுவதும் என் காதுக்கு ஒன்றாகத்தான் இருக்கிறது. பெற்றவள் பேசுகிற பேச்சா இது? இவரோ, "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்கிறார். தூக்கம் வந்தால்தானே.

உன் தங்கை

மார்ச் 9

என் தங்கத்துக்கு,

இது நோய், உன் குணம் இல்லை. மனச்சோர்வுக்கு நீ சாப்பிடும் மாத்திரையை நிறுத்தாதே. நான் வேலை பார்க்கும் ஸ்கேன் அறையில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்தவர்களுக்கு அக்குபங்சர் ஊசி பலன் தருகிறதா என்று, முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். பலன் உண்டென்று சத்தியம் செய்ய மாட்டேன், அதைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனை பாடு. நீ என் தங்கை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வா. ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருக்கும்போது தலையை மட்டும் அசைக்காதே. போட்டோவுக்கே அடங்கி நிற்காதவள் நீ.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

முதல் படத்துக்கு மரக்கட்டையாய்க் கிடந்தேன் என்று மெச்சினாய். எனக்கோ பயமாக இருந்தது. பிள்ளை வெளியே இருக்கிறான் என்ற நினைப்பே வரவில்லை. ஊசி எறும்புக் கடிதான், ஊசியோடு சும்மா கிடப்பதுதான் தண்டனை. ஒன்றும் மாறவில்லை என்றால் என்னை என்ன செய்வாய்?

தங்கை

மே 17

தங்கம்,

உன் இரண்டாவது படம் கெட்டது என்னால்தான். குழாய்க்குள் இருந்த உன்னோடு பேசும் மைக்கை அணைக்காமல், பிள்ளையோடு வந்த மாப்பிள்ளைக்கு எங்கள் அறைக் கதவைத் திறந்துவிட்டேன். பிள்ளை வீறிட்டான், நீ தலையைத் திருப்பிவிட்டாய். டாக்டர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். படம் மங்கல், இனி ஆராய்ச்சியில் உனக்கு இடமில்லை. திட்டு வாங்கிக்கொண்டே எனக்கு ஒரே சந்தோஷம். திரும்பினாயேடி.

அக்கா

மே 23

அன்புள்ள அக்கா,

அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே. காதுக்குள் அப்படி வீறிட்டால் கல்லும் திரும்பும். நான் இன்னும் வீட்டைச் சுற்றிச் சுற்றித்தான் வருகிறேன். கொஞ்சம் தேறியிருந்தாலும் அது ஊசியாலா, மாத்திரையாலா, நாள் போனதாலா, உங்கள் டாக்டருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

நேற்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அழுகை கேட்டது. இவர் பதறி எழுந்தார்.

"இருங்க, அது பக்கத்து வீடு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கையிலிருந்த சட்டையை மடிக்க முடியவில்லை. இருவரும் உள்ளே போய்ப் பார்த்தோம். நம் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

உன் தங்கை