ஐந்து வாகோன், எஞ்சின் இல்லை

செங்கல்பட்டு ஸ்டேஷனில் காத்திருப்போர் அறைக்குப் புது பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் வாய் தானாக, "சால் தத்தாந்த்" என்றது. பக்கத்தில் இருந்தவர், "இன்னா சார் சொன்னீங்க?" என்றார். உனக்கென்றால் புரிந்திருக்கும். நீ போய் ஒரு மாதமாகிறது.

எழுபதுகளில் நான் இங்கே டிக்கெட் கவுண்ட்டரில் இருந்தேன். ஒரு பிரெஞ்சுப் பயணி, சொற்புத்தகத்திலிருந்து ரயில் அத்தியாயத்தை மட்டும் கிழித்துவந்து, கவுண்ட்டரிலேயே மறந்துவிட்டுப் போனார். படமும் அருகில் பெயரும். பாண்டிச்சேரிக்கார கார்டு ஒருவர் உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னது ஒன்று, நம் வாயில் வந்தது வேறு.

நீ மாமல்லபுரத்துக் குப்பத்துப் பிள்ளை. கடலுக்குள் போனால் வாந்தி. உன் அப்பா கெடு வைத்திருந்தார்: "பொங்கலுக்குள்ள வேற பொழப்பு பாரு. இல்லனா கட்டுமரத்துல ஏறு." வெளிநாட்டுக்காரர்களுக்குக் கோயில் காட்டுவது என்று முடிவு செய்தாய். இங்கிலீஷில் காட்ட ஆள் அதிகம். பிரெஞ்சுக்கு யாருமில்லை. என் கவுண்ட்டருக்கு வந்து, அந்தக் கிழித்த தாள்களைப் பார்த்துக் கேட்டாய்:

"கோயிலுக்கு இன்னா போட்டுகீது மச்சான்?"

"கோயிலே இல்லடா. ரயிலு மட்டுந்தான் கீது."

"ரயிலு போதும்."

மாமல்லபுரத்துக்கு ரயிலே கிடையாது என்பது உன்னைத் தடுக்கவில்லை. ஒரு பிரெஞ்சுத் தம்பதியை ஐந்து ரதங்களின் முன் நிறுத்தி, "சேங்க் வாகோன், பா த லொகோமோத்தீவ்" என்றாய். ஐந்து பெட்டி, எஞ்சின் இல்லை. பாதியில் நின்ற சிற்பங்கள் "ஆன் ரத்தார்", தாமதம். ஒற்றைக்காலில் தவம் செய்பவரும் யானைகளுமாக நிற்கும் பெரும்பாறை "சால் தத்தாந்த்", காத்திருப்போர் அறை. அந்த அம்மாள் சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் ஒரு கூட்டத்தையே அழைத்து வந்தார். நீ கட்டுமரம் ஏறவேயில்லை. அந்தப் பாறையைப் பற்றி அறிஞர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். உன் விளக்கமே இன்றும் தேவலை.

பிறகு முறையாகப் பிரெஞ்சு கற்றுக்கொண்டாய். என்னிடம் மட்டும் பழையதையே பேசினாய்.

கடைசியாக நான் உன்னைப் பார்க்க வந்தபோது கட்டிலில் கிடந்தபடி கேட்டாய்: "வண்டி ஆன் ரத்தாரா மச்சான்?"

"ரொம்ப லேட்டு" என்றேன்.

"ரயில்வேகாரன் பேச்ச எவன்டா நம்புவான்" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "எந்த வண்டிக்கு சார் உக்காந்துகினு கீறீங்க?"

எனக்கு வண்டி எதுவும் இல்லை. அதை நம் பிரெஞ்சில் சொல்லியிருப்பேன். அவரிடம் பேசத் தமிழ்தான் இருந்தது.

"ரொம்ப லேட்டுங்க" என்றேன்.

அவர் நம்பிவிட்டார்.